ரேடியோ அக்காவும் ஒரு சொல்லும்

எங்கள் கால் சென்டரில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். ஹெட்செட் இல்லாமல் பேசினாலும் கடல் தாண்டிக் கேட்கும் என்று கிண்டல் செய்வோம். வெளிநாட்டுக்காரர்களுக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் குடும்பமே ஓடியது.

அந்தச் சமயத்தில் அவள்மேல் ஒரு புகார் வந்தது. பெரியவர் ஒருவரின் ரயில் சலுகை உறுப்பினர் அட்டை காலாவதியாகியிருந்தது. "நீங்க இன்வாலிட்னு காட்டுது சார்" என்று ஆங்கிலத்தில் பணிவாகத்தான் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லை நடுவில் அழுத்தினால் செல்லாதது என்று பொருள். முதலில் அழுத்தினால் நடமாட முடியாத நோயாளி. அவர் காதில் விழுந்தது இரண்டாவது. அவரோ அப்போதுதான் சக்கர நாற்காலிக்கு வந்தவர். கொதித்துப்போய்விட்டார்.

சூப்பர்வைசர் அந்த அழைப்பின் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம், ஒரு எழவும் பிடிபடவில்லை. நம் பேச்சில் எங்கே அழுத்தினாலும் அம்மா அம்மாதான், ஆடு ஆடுதான். அவர்களுக்கு அழுத்தம் கொஞ்சம் நகர்ந்தால் அர்த்தமே கவிழ்ந்துவிடுகிறது. நல்ல மொழி, போங்கள்!

"எனக்கும் கேக்கலைக்கா" என்றார் சூப்பர்வைசர். "ஆனா நாளைக்கு வெளிநாட்டு ஆபீஸ்லேருந்து ஒரு மேடம் உங்க லைன்ல உக்காந்து கேக்கப்போறாங்க. மறுபடி தப்பா வந்தா வேலை போயிடும். என் கையில ஒண்ணுமில்ல."

வேறு சொல்லைப் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. இனிமேல் திரையில் வருவதை வரி மாறாமல் படிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள்.

வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாளாம். "எல்லாம் ஒண்ணாத்தானேம்மா இருக்கு" என்றாராம் வீட்டுக்காரர். அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் பக்கத்து நாற்காலியில் நான். அழைப்பு வரும்போதெல்லாம் அவள் முகம் வெளிறியது. மதியத்துக்கு முன்பே அது வந்துவிட்டது, காலாவதியான அட்டையோடு ஒருவர். திரையில் அந்தச் சொல். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொன்னாள். மறுமுனையில் அந்த ஆள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சூப்பர்வைசர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "அக்கா, பாஸாயிட்டீங்க! அருமையா சொன்னீங்கன்னு மேடம் சொல்றாங்க. அப்படியே சொல்லிட்டுப் போங்க."

எல்லோரும் கை தட்டினோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பக்கத்துலதானே இருந்தே? எப்படிச் சொன்னேன்? ஒரு தடவை சொல்லிக் காட்டேன்."

"எப்பவும் சொல்ற மாதிரிதாங்க்கா இருந்துச்சு."

அவள் திரையையே பார்த்தாள். அடுத்த அழைப்பின் விளக்கு எரிந்தது.

"அப்ப நாளைக்கு எதை அப்படியே சொல்லுவேன்?" என்றாள்.