ஏழு பொன்னாடைகளும் ஒரு குமிழியும்

ஜேர்மனியில் விரிவுரை முடிந்தால் கைதட்டுவதில்லை. மடக்கிய விரல் கணுக்களால் மேசையைத் தட்டுவார்கள். முதல்முறை எனக்கு அப்படித் தட்டியபோது, போதும் நிறுத்து என்கிறார்களாக்கும் என்று மடிகணினியை மூடிவிட்டேன். சக ஆய்வாளன் மார்ட்டின், "எங்கே போகிறாய், இனித்தானே கேள்வி" என்றான். ஒரு மணிநேரம் பிய்த்தெடுத்தார்கள். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அன்றைக்கு எனக்குச் சுட்டது.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரபஞ்சம் பிறந்த கையோடு, கொதிக்கத் தொடங்கும் தண்ணீரில் போலக் குமிழிகள் தோன்றி, பெருத்து, ஒன்றோடொன்று மோதியிருக்கலாம். மோதினால் காலமும் வெளியும் அதிரும். அதுதான் ஈர்ப்பலை. யாரும் பார்த்திராத அந்த மோதலைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கிறோம்.

முல்லைத்தீவுக் கரையோரப் பள்ளியொன்றில் பௌதிகவியல் படிப்பிக்கும் ஜெசிந்தா ரீச்சர் ஒரு வருடமாக எனக்கு எழுதிக்கொண்டிருந்தார். "தம்பி, இஞ்ச ஆய்வுகூடம் இல்லை. கணிதப் பிரிவில பதினொரு பிள்ளையள். அரைவாசிப் பேர் கலைப் பிரிவுக்கு மாறப் போகினம். திங்கட்கிழமை மாறுற படிவம் குடுக்கினம். அதுக்கு முதல் ஒருக்கா வந்து காட்டுங்கோ." போனேன். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி.

பிரதம விருந்தினர் பத்தரைக்கு வந்தார். விளக்கேற்றல், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. பிறகு பொன்னாடை. பழைய மாணவர் ஒன்று, விளையாட்டுக் கழகம் ஒன்று, என் அப்பாவோடு படித்ததாகச் சொன்ன ஒருவர் ஒன்று. புகைப்படக்காரர் தவறவிட்டதால் ஒன்றைக் கழற்றி மறுபடி போட்டார்கள். ஏழு. வியர்வையில் கழுத்து அரித்தது. மண்ணின் மைந்தன் என்று ஒலிவாங்கியில் யாரோ கத்திக்கொண்டிருக்க, கீழே அந்தப் பதினொரு பிள்ளைகளும் வாடிப்போய் இருந்தார்கள்.

ரீச்சர் மேடைக்கு அருகில் வந்தார். "தம்பி, பிள்ளையளின்ர பஸ் ஒண்டரைக்கு. நீங்கள் சொன்னால் நிப்பாட்டுவினம்."

"ஓம் ரீச்சர், இன்னும் ஒண்டுதான்" என்றேன். பொய். உண்மையைச் சொன்னால், எனக்கு இனித்துக்கொண்டிருந்தது.

ஒன்றேகாலுக்குத்தான் ஒலிவாங்கி கைக்கு வந்தது. பத்து நிமிடம் குமிழிகளை ஓடவிட்டேன். நிரோஷா என்றொரு பிள்ளை எழும்பினாள். "சேர், ஒரு குமிழி மட்டும் தனிய வளர்ந்தால் அலை வராதோ?"

மார்ட்டின் ஆட்கள் அரைமணிநேரம் சுற்றித்தான் இந்தக் கேள்விக்கு வந்தார்கள். "வராது" என்றேன். "ஏன்?" என்றாள். அதற்குள் பஸ் ஹோர்ன் அடித்தது. அடுத்த பஸ் பின்னேரம்தான். ரீச்சர் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். நான் பின்னால் போகக் காலெடுத்தேன். "சேர், சாப்பாடு ஆறுது, பிரதம விருந்தினர் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றார் அதிபர். வெட்கங்கெட்டுப் போய்ச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். எனக்கென்று தேடி ஒரு கோழிக்கால் போட்டார்கள். அதையும் தின்றேன்.

அடுத்தநாள் விமானம். ஜேர்மனிக்கு வந்து, அலுப்புத் தீர்ந்து, புதன்கிழமைதான் நிரோஷாவுக்கு விடை எழுதினேன்: தனிக் குமிழி உருண்டையாய் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி வளரும், மோதி அந்த ஒழுங்கு குலைந்தால்தான் அலை பிறக்கும். படமும் கீறி ரீச்சருக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. "தம்பி, கிடைச்சது. பிள்ளை திங்கட்கிழமையே கலைக்கு மாறிட்டா. மதிலில உங்கட படம் போட்ட பதாகை இன்னும் நிக்குது. கழட்டுறதோ எண்டு அதிபர் கேக்கச் சொன்னவர்."

கழட்டச் சொல்லி எழுதினேன். எழுதிவிட்டு, கழட்ட முன் அதை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ என்றும் ஒரு வரி சேர்த்தேன். சீ. ஆனால் இந்த ஜேர்மன் ஊரில் என் முகத்தை மதிலில் கட்ட ஒருவரும் இல்லை.