பால் சர்க்கரையும் ஒரு காவலும்

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். கோடைக்கானலுக்கு ஓய்வெடுக்க வந்திருந்த வெள்ளைக்கார விஞ்ஞானி ஒருவர் பள்ளிக்கூட ஹாலில் பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், மதுரையில் பி.எஸ்ஸி. முடித்து வந்திருந்த என் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த அப்பா, அதாவது எங்கள் அத்தா, "போயிட்டு வெரசா திரும்பிரணும்" என்று சொல்லிவிட்டுத் தானும் கூடவே கிளம்பினார். மேற்படிப்பு வேண்டாம் என்று அவர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பழனியிலிருந்து பெண் கேட்டிருந்தார்கள். எனக்குப் பத்து வயது. யார் எங்கே போனாலும் நானும் போவேன்.

விஞ்ஞானி பாக்டீரியாவைப் பற்றிப் பேசினார். அதைத் தமிழில் சொல்ல ஏற்பாடாகியிருந்த ஆசிரியர் பத்து நிமிடம் சமாளித்தார். பிறகு, "ஜீன் என்றால்... ஜீன்தான்" என்று நின்றுவிட்டார். கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் அக்கா முக்காட்டைச் சரிசெய்தபடி எழுந்து, தான் சொல்லட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் பக்கத்தில் இருந்த அத்தா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அக்கா மேடையேறினாள். "கடை சாத்தும்போது பலகைகள வரிசையா நிறுத்திக் குறுக்க ஒரு இரும்புச் சட்டம் போடுறோம்லங்க? அது மாதிரிதான். ஜீன்னா ஒரு வேலைக்கான குறிப்புன்னு வச்சுக்கங்க. பால்ல இருக்குற சர்க்கரையத் திங்கத் தேவையான குறிப்பெல்லாம் அந்தக் கிருமிக்குள்ள அடுத்தடுத்து கெடக்கு. முன்னால ஒரு காவல் உக்காந்துக்கிட்டு ஒண்ணையும் வேலை செய்ய விடாது. பால் சர்க்கரை உள்ள வந்துச்சுன்னா, அதுவே காவலப் பிடிச்சு நகத்திரும். அம்புட்டுக் குறிப்பும் ஒண்ணாத் திறந்துக்கிரும்."

"சர்க்கரை தீந்துபோச்சுன்னா?" என்று கேட்டார் பின்வரிசையில் இருந்த ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி.

"காவல் மறுபடி வந்து உக்காந்துக்கிரும்ங்க. இல்லாத சரக்குக்கு எதுக்குச் சோலி பாக்கணும்?"

ஹால் மறுபடியும் சிரித்தது. இந்த முறை அக்காவோடு சேர்ந்து. ஒரு சொல்லும் புரியாத விஞ்ஞானி, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். நான் பெஞ்சுமேல் ஏறி நின்று தட்டினேன். அத்தா என்னை இறங்கச் சொல்லவில்லை.

வீடு திரும்பும்போது அத்தா எங்களுக்கு முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் நின்று, "அந்தக் காவல யாராச்சும் தனியாப் பிரிச்சுப் பாத்திருக்காகளா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லத்தா. இருந்தாகணும்னு சோதனை செஞ்சு சொல்லியிருக்காக."

"அப்ப நீ போயிப் பாரு."

மறுநாள் வெள்ளனே எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். இப்போது கல்யாணம் இல்லை என்று பழனிக்குப் பதில் போயிற்று.

பள்ளிக்கூடம் திறந்ததும், வெள்ளைக்காரர் சொன்னதை என் அக்கா அப்படியே தமிழில் சொன்னாள் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அவள் அப்படியே சொல்லவில்லை. பல வருடம் கழித்து, நானே ஆசிரியராகி வகுப்பில் ஒரு சொல் கிடைக்காமல் கரும்பலகை முன் விழித்து நின்றபோதுதான் அது உறைத்தது. அந்தப் பாடத்தை அக்கா அதுவரை தமிழில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. குறிப்பு, காவல் எல்லாமே அத்தனை பேர் பார்க்க, நின்ற இடத்திலேயே அவள் கண்டெடுத்தவை.