வேலியை அங்கீகரிக்காத நவரத்தினம் அண்ணை

அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த நினைவு மலரில் எழுதுகிற நீங்கள் எல்லோரும் நவரத்தினம் அண்ணையை "அமைதியான மனிதர்" என்றுதான் எழுதப் போகிறீர்கள், எனக்குத் தெரியும். கோயிலில் கண்டவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். தேவாரம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஆனால் லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு, அந்த வார்த்தையைப் பற்றி ஆழ்ந்த கவலை உண்டு. "ஆழ்ந்த கவலை" என்பதும் அவர் சொல்லித் தந்ததுதான். விளக்கமாகச் சொல்கிறேன்.

செய்தி வந்தபோது நான் வெள்ளிக்கிழமை விரதத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மற்றப் பக்கத்து வீட்டில் இருக்கிற சரோஜா செருப்பும் போடாமல் ஓடி வந்தாள். மலேசியாவில் பிறந்தவள், இங்கே வங்கியில் வேலை.

"அக்கா, அண்ணன் போயிட்டாருக்கா. டிவி ஓடிக்கிட்டே இருக்கு."

செய்தி பார்த்துக்கொண்டு நாற்காலியிலேயே போயிருந்தார். நான் உள்ளே போனபோதும் தொலைக்காட்சியில் ஐரோப்பிய நாடுகளின் மந்திரிமார் ஒரு நீளமான மேசையைச் சுற்றி இருந்தார்கள். இன்னும் முடிவு எடுக்கவில்லை போல. அண்ணைக்கு அதைவிடப் பிடித்த காட்சி உலகத்தில் இல்லை. பிள்ளையாரப்பா, நல்ல சாவு குடுத்தாய் என்று கும்பிட்டுவிட்டுத்தான் நான் அழுதேன்.

லண்டனுக்கு வருவதற்கு முன்னர் அண்ணை பெல்ஜியத்தில் இருந்தவர். இந்த மந்திரிமார் கூடுகிற ஒரு கட்டடத்தில் தேநீர் வண்டி தள்ளினார். கதவு திறந்து மூடுகிற நேரத்தில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, தானும் பேச்சுவார்த்தையில் இருந்ததாகவே நம்பினார். "நாங்கள் அண்டைக்கு அவையளைக் கூப்பிட்டுக் கண்டிச்சனாங்கள்" என்பார். "நாங்கள்" என்றால் ஐரோப்பா. "அவையள்" என்றால் ரஷ்யா. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ரஷ்யா எந்தப் பக்கம் என்று கேட்டால், குளிர் வருகிற பக்கம் என்றுதான் சொல்லத் தெரியும். எனக்கு விளங்குவதற்காக அவர் டெரிக்கை உதாரணம் காட்டினார்.

டெரிக்கை எங்கள் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூலை வீட்டு வெள்ளைக்காரர். எங்கள் மூன்று வீட்டுத் தோட்டங்களுக்கும் பின்னால் நீட்டுக்குக் கிடப்பது அவர் ஒருவருடைய காணிதான். அவர் ஒவ்வொரு கோடைகாலமும் வேலி சரிந்துவிட்டது என்று சொல்லி அதை நிமிர்த்துவார். நிமிர்ந்த வேலி எப்போதும் எங்கள் பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். கடைசியாக நிமிர்த்தியபோது என்னுடைய வெள்ளை ரோசாச் செடி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பிள்ளையாருக்குச் சாத்துகிற பூ! விடியற்காலையில் யன்னலால் பார்த்தால் அந்நிய மண்ணில் பூத்துக்கொண்டு நிற்கும். கன வருடம் ஒருவரும் மறுக்காமல் விட்டால் நிலமும் அவருக்கே சொந்தமாகிவிடும் என்று கேள்விப்பட்டு நான் பயந்து போனேன். வழக்கறிஞரிடம் போவோம் என்றேன்.

"அது கடைசி ஆயுதம், தங்கச்சி. முதல்ல கூட்டமைப்பு" என்றார் அண்ணை.

அப்படித்தான் எங்கள் மூன்று வீட்டுக் கூட்டமைப்பு அவருடைய குசினி மேசையில் உருவானது. எல்லோரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே தீர்மானம். முதல் தீர்மானம் ஆழ்ந்த கவலை தெரிவிப்பது. அண்ணை வேலிக்கருகில் போய், "டெரிக், வீ ஆர் டீப்லி கன்சர்ண்ட்" என்றார். டெரிக் பதறிப்போய், உடம்புக்கு என்ன, வைத்தியரைப் பார்த்தாயா என்று கேட்டார்.

அடுத்தது தடை விதிப்பது. டெரிக்கின் பார்சலை இனி ஒருவரும் வாங்கி வைப்பதில்லை, காலை வணக்கம் சொல்வதில்லை, அவருக்கு ஒன்றும் செய்து கொடுப்பதில்லை, அவரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை.

"அண்ணே, மத்ததெல்லாம் ஓகே" என்றாள் சரோஜா. "ஆனா பாய்லர்?"

டெரிக் வேலை செய்த காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் திருத்துகிறவர். சரோஜா வீட்டுப் பாய்லர் ஒவ்வொரு குளிருக்கும் நின்றுபோகும். அவர்தான் வந்து காசு வாங்காமல் ஓட வைப்பார்.

"பாத்தீரே தங்கச்சி!" அண்ணைக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். "அங்கையும் இதேதான்! ஒரு நாட்டுக்கு வீடு சூடாக்க அவையளின்ரை காஸ் வேணும். அது மாட்டன் எண்டு நிண்டிடும்."

"என்னைய ஏண்ணே வில்லி ஆக்குறீங்க? உங்க வீட்ல பிள்ளைங்க குளிர்ல நடுங்குனா தெரியும்."

"பிள்ளை, நான் உன்னைக் குறை சொல்லேல்லை. நான் கவலைதான் தெரிவிக்கிறன்."

கடைசியில் பாய்லருக்கு விலக்கு அளித்துத் தடை நிறைவேறியது. கையசைக்கலாம், சிரிக்கக்கூடாது. சரோஜா பாய்லர் நாளில் மட்டும் சிரிக்கலாம்.

தடை பலிக்காததால் தூதரை அழைத்துக் கண்டிப்பது என்று முடிவாயிற்று. டெரிக்கைத் தன் முன்னறைக்குக் கூப்பிட்டு, தேநீர் மட்டும் கொடுத்து, பிஸ்கற் கொடுக்காமல் விட்டார் அண்ணை. பெரிய இடங்களில் அது கடுமையான அவமதிப்பாம். டெரிக்குக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. வந்து போகிற எல்லா வீட்டிலும் பிஸ்கற்றை நீட்டி உயிரை எடுக்கிறார்கள், நவி ஒருவன்தான் என்னுடைய வருத்தத்தை மதிக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதற்குப் பிறகு அழைக்காமலும் கண்டனத்துக்கு வரத் தொடங்கினார். வந்து இருந்தால் பின்னேரம் முழுக்க இருவரும் சத்தம் போடுவார்கள். வேலியில் தொடங்கி உலகப் போரில் முடிப்பார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். ஆவணிச் சதுர்த்திக்கு மோதகம் அவித்தேன். பிரசாதம் பகிரும்போது ஆளைப் பிரித்துப் பார்க்கலாமா? நீங்களே சொல்லுங்கள். பிள்ளையாருக்குப் படைத்ததற்குத் தடை ஏது? டெரிக் தோட்டத்தில் நின்றார். ஒரு தட்டை வேலிக்கு மேலால் நீட்டினேன். வாங்கி, சீனி வருத்தத்தையும் மறந்து, அங்கேயே நின்று எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

அண்ணை மேல்மாடி யன்னலால் கண்டுவிட்டார். ஒரு காலில் செருப்பு, மற்றக் காலில் சப்பாத்தோடு என் வாசலில் வந்து நின்றார்.

"நீர் என்ன செய்தனீர் தெரியுமோ?"

"மோதகம் குடுத்தனான். உங்களுக்கும் எடுத்து வைச்சிருக்கிறன் அண்ணை."

"எதுக்கு மேலாலை குடுத்தனீர்?"

"வேலிக்கு மேலாலை."

"எந்த வேலி? புது வேலி! இரண்டு பக்கமும் நிண்டு கைமாத்தினால் அது எல்லை எண்டு ஒத்துக்கொண்டதாப் போச்சு. தங்கச்சி, நீர் அங்கீகரிச்சிட்டீர்!"

"ஐயோ அண்ணை, நான் பிள்ளையாரைத்தானே நினைச்சனான்."

நான் சிரித்தேன். ஆனால் அடுத்த நாள் டெரிக் சரோஜாவிடம், "பரமேசுக்கு இந்த வேலி பிடித்திருக்கிறது, அதற்கு மேலால் இனிப்பெல்லாம் தந்தாள்" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் ரோசாச் செடியை நானே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேனே!

அழுதுகொண்டு போய், இனி அந்த மனிதனோடு ஒரு கொண்டாட்டமும் வேண்டாம், முகத்திலும் விழிக்கமாட்டேன் என்றேன். அண்ணை என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். அவர் அதை நிறுத்தி நான் கண்டது அன்றைக்குத்தான்.

"அப்பிடிச் சொல்லாதையும். எங்கடை நாட்டிலை இரண்டு பக்கமும் கதைச்சுக்கொண்டிருந்த காலமும் இருந்தது. பிறகு கதை நிண்டது. நிண்டபிறகு என்ன நடந்தது எண்டு உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. கதைக்கிறவன் அடிக்கமாட்டான் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா கதை நிண்டால் அடி நிச்சயம்."

பிறகு அவர்தான் வழி சொன்னார். "மனுசன் வேறை, வேலி வேறை. மனுசனுக்கு மோதகம் குடும். வேலிக்கு மேலாலை குடாதையும்."

அன்றிலிருந்து தைப்பொங்கலோ சரஸ்வதி பூசையோ, டெரிக்குக்குப் பிரசாதம் முன்வாசலால்தான். இரண்டடியில் கொடுக்கக்கூடியதை மூடிக் கட்டிக்கொண்டு, மழையில், பஸ் தரிப்பிடம் தாண்டித் தெருவைச் சுற்றிப் போவேன். முதல் தடவை டெரிக், ஏன் இப்படி நனைகிறாய், வேலிக்கு மேலால் தந்திருக்கலாமே என்றார். அண்ணை பாடமாக்கித் தந்த பதிலைச் சொன்னேன்.

"வட் ஃபென்ஸ், டெரிக்?"

அவர் திரும்பி வீட்டுக்குள்ளால் தெரிந்த வேலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மோதகத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு வந்த கோடைகாலங்களில் அவர் வேலியை நிமிர்த்தவில்லை. திருப்பித் தரவுமில்லை. நிலைமை உறைந்துவிட்டது, இதுவும் ஒரு வெற்றிதான் என்று அண்ணை அறிவித்தார். எனக்கு அதில் ஒரு வெற்றியும் தெரியவில்லை. பூ அந்தப் பக்கம்தானே?

செத்தவீட்டுக்கு வந்த சனம் உங்களுக்குத் தெரியும். அண்ணையின் தோட்டத்திலும் என் தோட்டத்திலும் கூடாரம் போட்டும் இடம் காணவில்லை. டெரிக் கறுப்புக் கோட்டோடு வந்து, என் பக்கமும் எடுங்கள் என்றார். கூடாரக்காரப் பெடியள் வேலிப் பலகைகளைக் கழற்றி அடுக்கிவிட்டு அவருடைய புல்லிலும் கதிரை போட்டார்கள். டெரிக் முன்வரிசையில் இருந்து, புரியாத தேவாரத்தைக் கடைசிவரை கேட்டார். "நவி என்னோடு சண்டை பிடித்த அளவுக்கு இந்தத் தெருவில் ஒருவரும் என்னோடு பேசியதில்லை" என்று என்னிடம் சொல்லி மூக்கைத் துடைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு பெடியள் பலகைகளைத் திரும்பப் போட்டார்கள். பழைய எல்லையில் நின்ற சீமெந்துத் தூண்களைப் பெயர்க்க முடியாமல் டெரிக் தன் பக்கத்தில் அப்படியே விட்டிருந்தார். அந்தத் தூண்களில் இருக்கிற நீளப் பள்ளத்துக்குள் பலகையை மேலிருந்து இறக்கினால் போதும், ஆணி தேவையில்லை. எங்கள் சரித்திரம் தெரியாத அந்தப் பெடியள், சுகமான வேலையைப் பார்த்து, எல்லாவற்றையும் பழைய தூண்களிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ரோசாச் செடி என் பக்கம் நிற்கிறது. சரோஜாவும் நானும் குசினி யன்னலால் செடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தோம். கூட்டமைப்பின் வரலாற்றில் விலக்கு எதுவும் இல்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். டெரிக் துக்கத்தில் கவனிக்கவில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். மகனோடு கோபம் வந்தாலும், கோயில் மடைப்பள்ளியில் யாரோடு முறுகினாலும், போய் எதிரே இருந்து சத்தம் போடுகிறேன். கதவைச் சாத்துவதில்லை. அண்ணையின் ஆத்மா சிவனடியில் இருக்கட்டும். அங்கேயும் யாரையாவது அழைத்துக் கண்டித்துக்கொண்டிருப்பார்.

பொறுங்கள், இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. கூடாரக்காரரில் ஒரு பெடியன் வாகனம் எடுக்கப் போய்விட்டான். பலகை ஒவ்வொன்றையும் மற்ற நுனியில் பிடித்துத் தூணுக்குள் இறக்கியது டெரிக்.