எந்த அவர்?

டைலரக்காவுக்குப் புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. கடவுளையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளிடம் இருந்தது ஒரே சொல்தான்: அவர். இந்தச் சிக்கனத்தால் அந்த வீட்டில் நடந்த குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை.

புருஷன் வயர்மேன். தோளில் ஏணி, சட்டைப்பையில் மஞ்சள் டெஸ்டர். தெருவில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும் ஆள் இங்கே வந்துதான் நிற்கும். ஓடுகிற தையல் மெஷினை நிறுத்தாமலே அவள் சொல்லுவாள், "அவர் வந்ததும் பாத்துப்பார்." மகளுக்குக் காய்ச்சல் என்றாலும், மச்சினனுக்கு வேலை போனாலும் அதே பேச்சுதான். "அவர் பாத்துப்பார்." காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும், பெடலில் கால் வைக்கும் முன் அரை நிமிடம் கண்ணை மூடுவாள். அன்றைய பாரத்தையெல்லாம் அங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் முதல் தையல்.

வயர்மேன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா? "எந்த அவர்? மேல இருக்கறவரா, ஏணில இருக்கறவரா? எனக்குன்னா இப்பவே சொல்லிடு, ஒயர் வாங்கணும்" என்பார். அவள் கழுத்தில் கிடக்கும் இஞ்ச் டேப்பை எடுத்து அவர்மேல் வீசுவாள்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நாள். விடிந்ததிலிருந்து மழை கொட்டுகிறது. "அழாதடி, அவர் பாத்துப்பார்" என்றாள் அம்மா. குழந்தை நேராக அப்பாவிடம் போய்க் கையைப் பிடித்து இழுத்தது. "அப்பா, மழையை நிறுத்து. நீ பாத்துப்பியாம். அம்மா சொன்னாங்க." அந்த மனுஷர் சிரிக்கவே இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, மீட்டர் பக்கத்தில் இருந்த ஒரு சுவிட்சை டக்கென்று தட்டினார். "நிறுத்தியாச்சு. பெரிய லைனு, கொஞ்ச நேரம் ஆகும்." பத்து மணிக்கு மழை நின்றுவிட்டது. அதற்கப்புறம் பல வருடம் அந்தப் பெண், வானம் அப்பா பொறுப்பில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களை நினைத்தால் டைலரக்காவுக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துபோகும். மெஷின் சத்தமும், அவர் சீட்டியடித்துக்கொண்டு ஏணியைச் சுவரில் சாத்தும் சத்தமும் சேர்ந்து கேட்ட வீடு அது.

பிறகு வயர்மேனுக்குச் சிறுநீரகம் கெட்டது. எட்டு மாதம் படுக்கை. அரை நிமிடம் மூடின கண்ணை அவள் அரை மணி நேரம் மூடினாள். அழுதாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். ஒரு மத்தியானம், அவள் ஊட்டிய கஞ்சி பாதி கிண்ணத்தில் இருக்கும்போதே அவர் போய்விட்டார்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு எப்போதுமே நாக்கில் சனி. எதிர்வீட்டு டீச்சர் அவள் முதுகைத் தடவி, "நீங்களே சொல்லுவீங்களே அக்கா, அவர் பாத்துப்பார்" என்றார். டைலரக்கா நிமிர்ந்து, "எந்த அவர்?" என்று கேட்டாள். அதோடு அந்தச் சொல் அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது. காலையில் உட்கார்ந்ததும் பெடலை மிதித்தாள். கண்ணை மூடவில்லை. மூன்று வருடம் ஓடிற்று.

மகளுக்குக் கல்யாணமாகி, மாசமாகி, நாள் நெருங்கிய நேரம். பரிசோதனைக்குப் போன இடத்தில், குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். மருமகன் கையெழுத்துப் போட ஓடினான். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அதைச் சொல்லும்மா."

எதை என்று கேட்க வேண்டியதில்லை. நம்பாத ஒன்றை, பெற்ற பெண்ணிடம், அதுவும் இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. அவளும் கூடவே நடந்தாள். தியேட்டர் வாசலில் நர்ஸ், "இதுக்கு மேல வரக்கூடாதும்மா" என்றாள்.

டைலரக்கா மகளின் கையைப் பார்த்தாள். மழையை நிறுத்தச் சொல்லி இழுத்த அதே கை. கொடுத்தவரும் அவர்தானே, எடுத்தவரிடமே இவளையும் ஒப்படைக்க வேண்டியிருக்கிறதே என்று கோபம் வந்தது. கோபப்படும்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் அவரோடு அவள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இல்லாத ஆளோடு யாராவது மூன்று வருடம் கோபித்துக்கொள்வார்களா?

"அவர் பாத்துப்பார்டி" என்றாள்.

அப்பன் பெண் அல்லவா, அந்த வலியிலும் கேட்டாள். "எந்த அவர்?"

"ரெண்டு பேருமே இப்ப மேலதான்டி இருக்காங்க. போ, தைரியமாப் போ."

மகள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடிற்று. டைலரக்கா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

பேத்தி பிறந்ததும், ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி அழுததும் அப்புறம் நடந்தவை. அவள் கண்ணை மூடியது அதற்கு முன்னாலேயே.