படகை ஊறவைக்கும் வேலை

எழுபதுகளின் நடுவில் என் கணவரும் அவருடைய ஆபீஸ் நண்பரும் சேர்ந்து ஒரு பழைய மரப்படகை வாங்கினார்கள். வாங்கியது அவர்கள், அது நின்றது ஆழ்வார்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டு வாசலில், பார்த்துக்கொண்டது நான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரின் அம்பாசடருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றி அடையாறு ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போவோம். அவர்கள் இருவரும் துடுப்பு வலிப்பார்கள். நான் கரையில் டிரெய்லருக்குக் காவல்.

"சின்னப் படகும்மா, மூணு பேரைத் தாங்காது" என்பார் கணவர். இரண்டு வருஷம் அந்தப் படகுக்குச் சேவகம் செய்தும் ஒருமுறைகூட அதில் உட்கார முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக இருக்கும்.

சேவகம் என்றால் சும்மா இல்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் உப்பு. வீடு திரும்பியதும் டிரெய்லர் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் வைக்க வேண்டும். படகை ஏற்றும்போது கார் பக்கம் பாரம் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். பின்பாரமானால் டிரெய்லர் வழியெல்லாம் வாலாட்டிக்கொண்டு வரும். கொக்கியை மட்டும் நம்பாமல் ஒரு கயிறும் கட்ட வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். இது அந்த நண்பருக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை. நான்தான் பின்னால் நின்று கத்துவேன்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஊறவைப்பது. வெயிலில் பலகைகள் சுருங்கி இடுக்கு விட்டுவிடும். இரண்டு நாள் முன்னதாகப் படகுக்குள் தண்ணீர் நிரப்பி, மேலே ஈரச் சாக்குப் போட்டு வைத்தால் மரம் உப்பி இடுக்கு மூடிக்கொள்ளும். கிளம்பும்போது அந்தத் தண்ணீரை மறக்காமல் இறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டிரெய்லரின் அச்சு முறியும்.

ஒரு கோடையில் அடிபம்பில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. நான் அடித்து அடித்துப் படகில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து வீட்டுக்கார மாமி குடத்தோடு இறங்கி வந்தார்.

"ஏண்டிம்மா, ஆத்துல சமைக்க ஒரு குடம் ஜலம் இல்லே, நீ படகுக்கு ரொப்பிண்டிருக்கியே!"

நியாயமான கேள்வி. எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாதிப் படகோடு நிறுத்திவிட்டு மாமிக்குப் பம்பை விட்டுக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படகை ஆற்றில் இறக்கினோம். கீழ்ப்பலகைகள் நன்றாக ஊறியிருந்தன. மேல்பலகைகள் ஊறவில்லை. இருவரும் ஏறி உட்கார்ந்து படகு அமிழ்ந்ததுமே மேல் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பத்தடி போனவர்கள் அவசரமாகக் கரைக்குத் திரும்பினார்கள்.

"யாராச்சும் தண்ணிய எறச்சிக்கினே வந்தாத்தான் போவ முடியும்" என்றார் நண்பர்.

"நாம எறச்சா துடுப்பு யாரு வலிக்கிறது?" என்றார் கணவர்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குடிதண்ணீருக்குக் கொண்டுவந்த சொம்பை எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, ஏறி நடுவில் உட்கார்ந்தேன். மூன்று பேரைத் தாங்காத படகு மூன்று பேரையும் தாங்கியது. டிரெய்லருக்குக் காவல் வேண்டுமே என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பாலம்வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் இறைத்தேன். தோள் விட்டுப்போயிற்று, புடவை முழங்கால்வரை சேறு. அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வருஷத்தில் வேறெந்த நாளும் இருந்ததில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது, அடிபம்பிலும் தண்ணீர் தாராளமாக வந்தது. அப்போதும் சரி, அடுத்த கோடையிலும் சரி, படகைப் பாதிக்கு மேல் நான் நிரப்பவே இல்லை.