எருமை மூக்கில் நின்ற ஃபோகஸ்

சாகாமம் குளத்தில் மீன்கொத்தியைப் படமெடுக்க மச்சானோடு போனேன். நீள லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் அன்றுதான் முதன்முதலாக டெலிகன்வேர்ட்டரைப் பூட்டியிருந்தேன். பறவை பெரிதாகத் தெரிந்தது. ஆனால் உள்ளே வெளிச்சம் குறைந்ததால் ஓட்டோஃபோகஸ் தடுமாறி, ஒவ்வொரு முறையும் பின்னால் நின்ற எருமையின் மூக்கிலேயே போய்ப் பதிந்தது.

"குருவிய உட்டுட்டு மாட்டுட மூக்கயா எடுக்கிற?" என்று மச்சான் சிரித்தான்.

நாற்பது படத்திலும் மீன்கொத்தி வெறும் நீலப் புகை; மூக்கு மயிரையோ ஒவ்வொன்றாக எண்ணலாம். வெட்கப்பட்டு அழிக்கப் போனபோது, எட்டிப் பார்த்த எருமைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காதீங்க தம்பி, இவள ஆரும் இப்படி வடிவா எடுத்ததில்ல. எனக்கு அனுப்புங்க."

நான் அனுப்பியதில் ஒன்றை அன்றே தன் வட்ஸ்அப் முகப்புப் படமாகப் போட்டுவிட்டார். நேற்று அவர் வட்ஸ்அப்பில் அழைத்தபோது என் மனைவி போனை நீட்டினாள்.

"இந்தாங்க, ஒரு எருமை உங்களோட கதைக்கணுமாம்."