பால்சாலை இல்லாத பால்சாலைச் சந்தி

"அடுத்தது பால்சாலைச் சந்தி. பால்சாலை பூட்டிப் பதினெட்டு வருசம். இறங்கிற ஆக்கள் பாத்து இறங்குங்கோ."

இறங்குவதற்கு யாரும் இல்லை. எட்டு இருக்கை வான் வண்டியில் நான் ஒருவன்தான். நானும் பயணியல்ல, சாரதி நித்தியானந்தனின் கதையைக் கேட்டு எழுத வந்தவன். ஆள் ஏறாதபோதெல்லாம் அவர் இப்படித்தான் தமிழில் அறிவித்துக்கொண்டு போவாராம். "வேற ஆரோட தமிழ் கதைக்கிறது, சொல்லுங்கோ?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம் என்று பிறகு பட்டது.

பவேரியாவின் ஒரு மூலையில், சோளக் காணிகளும் மாட்டுக் கொட்டில்களுமாகக் கிடக்கிற மாவட்டம் அது. தொலைபேசியில் அழைத்தால் வாசலுக்கே வரும் மாவட்ட வானுக்கு இவர்தான் சாரதி. வயது அறுபத்தாறு. பள்ளிக்கூடம், தபால் கந்தோர், இரண்டு மதுச்சாலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. இளசுகள் மியூனிக்குக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது கண் டொக்டரிடமும் முழங்கால் டொக்டரிடமும் போகிற கிழவிகள். எந்தக் கிழவி எந்தக் காலை முதலில் படியில் வைப்பாள் என்பது வரை இவருக்கு அத்துப்படி.

விரும்பி அறிந்த ஊர் அல்ல. எண்பத்தைந்தில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவரை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அகதி வழக்கு முடியும்வரை அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. முடிய ஏழு வருடம். சைக்கிளில் எல்லைப் பலகை வரை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார். டோர்ட்மண்டில் இருந்த அக்கா இறந்தபோது, போக அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தார். "செத்தவீடும் முடிஞ்சு, எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிஞ்சாப் பிறகுதான் கடிதம் வந்தது. போய் ஆரைப் பாக்கிறது?"

மனைவி இறந்து ஆறு வருடம். இப்போது அதே டோர்ட்மண்டில் மகள் நிலக்சி ஓர் அறையை ஒழுங்குபடுத்தி வைத்துக் காத்திருக்கிறாள். இந்த ஒக்டோபரோடு இவருக்கு ஓய்வு. வேறு சாரதி கிடைக்கவில்லை; இவர் இன்னும் ஒரு வருடம் ஓடினால் வான் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும் என்று மாவட்டக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள்.

"அண்டைக்குப் போக விடேல்லை. இண்டைக்குப் பிள்ளை வாங்கோ எண்டுது, கால் எழும்புதில்லை," என்றார்.

வானை ஓரங்கட்டியிருந்தபோது மகளே தொலைபேசியில் அழைத்தாள்; ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "அப்பா, பெட்டி கட்டீட்டீங்களோ? அங்க தனிய இருந்து என்ன செய்யப்போறீங்கள்?"

"ஓம் பிள்ளை, வாறன். முப்பத்தோராந் திகதி வாறன்."

அவர் குரலில் சந்தோஷம்தான். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அடுத்த வீட்டில் திருமதி ஸ்டாட்லர் கைத்தடியோடு கேற்றடியில் நின்றார். எண்பத்தேழு வயது. ஏறி அமர்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். கண் டொக்டர் கொடுத்த டெர்மின், காட்டப் போகவேண்டிய நாளும் நேரமும். இந்த நாட்டில் கண் இன்றைக்கு மங்கினால் நாள் அடுத்த வருடம்தான் கிடைக்கும். ஏப்ரல் பதினான்கு, காலை ஒன்பதரை.

"நீங்கள் வருவீர்கள்தானே, ஹெர் நித்தி?" என்று ஜெர்மனில் கேட்டார். முழுப் பெயர் அங்கே யாருக்கும் வாயில் நுழையாது.

நித்தியானந்தன் அடுத்த வருடத்து டயறியின் பிளாஸ்ரிக் உறையைப் பல்லால் கிழித்தார். ஏப்ரல் பதினான்கைத் தேடிப் பிடித்து, ஸ்டியரிங்கின் மேல் வைத்து, தமிழில் எழுதினார்: 'எட்டே முக்கால், ஸ்டாட்லர் வீட்டு வாசல்.'